பெத்கெலெர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு

வெள்ளவத்தையிலிருந்து லண்டனுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களே, வட வேல்ஸின் பெத்கெலெர்ட் கிராமத்துக்கும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். யூஸ்டனில் ரயிலேறி பாங்கரில் இறங்குங்கள், பிறகு கார்னார்வனுக்கு பஸ். அங்கிருந்து வேல்ஷ் ஹைலண்ட் ரயில் மலைகளுக்கிடையே கிராமத்துக்கே கொண்டுபோய் விடும். குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓடாது, அட்டவணையைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

இறங்கியதும் கிளாஸ்லின் ஆற்றங்கரை வழியே கெலெர்ட் என்ற நாயின் கல்லறைக்கு நடங்கள். ஓநாயிடமிருந்து குழந்தையைக் காத்த நாயை, அதன் வாயிலிருந்த இரத்தத்தைப் பார்த்து இளவரசன் வெட்டிக் கொன்றான் என்பது கதை. நம் கீரிப்பிள்ளைக் கதையேதான்! கல்லறையை 18ஆம் நூற்றாண்டில் உள்ளூர் விடுதிக்காரர் ஒருவர் எழுப்பினார் என்பார்கள். இருந்தும் எனக்கு அங்கே நெஞ்சு கனத்தது.

அப்புறம் பக்கத்திலுள்ள பழைய செப்புச் சுரங்கம். 1085 மீட்டர் ஸ்னோடன் மலையில் ஏறுவதென்றால் பிடிப்புள்ள சப்பாத்தும் மழைக்கோட்டும் கட்டாயம். குடை அந்தக் காற்றுக்கு நிற்காது.