எம்ஆர்ஐக்குக் கருப்பு மை: இரும்பு ஆக்சைடு நானோ துகள் தயாரிப்பு

பெங்களூரில் எங்கள் லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது: துகளைப் பிரித்தெடுக்க வேண்டிய காந்தத்தை எஸ்.பி. ரோட்டில் (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல நியோடைமியம் (வலுவான காந்த வகை) கட்டியாகக் கேளுங்கள்.

100 மி.லி. நீரில் நைட்ரஜனைக் குமிழியிட்டு ஆக்சிஜனை விரட்டுங்கள். இதில் அவசரம் கூடாது. அப்புறம் ஃபெரிக் குளோரைடு (ஹெக்ஸாஹைட்ரேட்) 2.70 கிராம், ஃபெரஸ் குளோரைடு (டெட்ராஹைட்ரேட்) 0.99 கிராம். மோல் கணக்கில் இரண்டுக்கு ஒன்று. பழைய ஃபெரஸ் பாட்டிலில் பச்சை போய்ப் பழுப்பு ஏறியிருந்தால் எடுக்காதீர்கள். ஃபெரஸ் ஃபெரிக்காக மாறி, அந்த விகிதம் ஏற்கெனவே கெட்டுவிட்டது.

80 டிகிரியில் நன்றாகக் கலக்கிக்கொண்டே, ஃபியூம் ஹுட்டுக்குள் (புகையை வெளியே இழுக்கும் பெட்டி) அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஆரஞ்சுக் கரைசல் சட்டென்று கருக்கும். பிஎச் 10 வரை போகலாம். கருப்புக்குப் பதில் செம்பழுப்பு வந்தால் காற்று புகுந்திருக்கிறது.

பீக்கரின் பக்கத்தில் காந்தத்தை வையுங்கள். கருப்பு முழுதும் அங்கே போய் ஒட்டும். நீரைக் கொட்டி, மறுபடி கழுவுங்கள். சிட்ரிக் அமிலப் பூச்சு கொடுத்தால் துகள்கள் திரளாமல் மிதக்கும்.

சோதிக்க, குழாய்களில் அகரோஸ் ஜெல்லில் (பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) வெவ்வேறு செறிவில் கலந்து எம்ஆர்ஐயில் டி2 படம் எடுங்கள். டி2 என்பது நீரின் சிக்னல் மங்கும் நேரம். இரும்பு கூடக்கூடக் குழாய் இருளும். 1/டி2-ஐ இரும்பின் செறிவுக்கு எதிராக வரைந்தால் கோட்டின் சரிவே ஆர்2 (சிறிய r; துகள் எவ்வளவு வலுவாக இருளாக்குகிறது என்பதன் அளவு). கல்லீரல் படத்திலும் இதே வேலைதான்: குப்ஃபர் செல்கள் (கல்லீரலின் விழுங்கும் செல்கள்) துகளை விழுங்கி நல்ல திசு இருளும், அந்தச் செல்கள் இல்லாத கட்டி வெளுப்பாகவே நிற்கும்.

நாம் செய்தது ஜெல்லுக்கு மட்டும். ஊசியில் ஏற்ற அல்ல.