நாய் பூனை கொடுமை சட்டம்: நிறைய பேர் பண்ற தப்பு

"என் நாய், நான் அடிப்பேன், கட்டிப்போடுவேன், உனக்கென்ன"ன்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க, முதல் தப்பே அதுதான். 1960-ல வந்த மிருகவதை தடுப்புச் சட்டம் வளக்குறவங்களை விட்டு வைக்கல. பிரிவு 11-ஐ படிச்சுப் பாருங்க, போதுமான சாப்பாடு தண்ணி தங்க இடம் குடுக்காம விடுறது, எப்பவும் கட்டியே வச்சிருக்குற நாயை கொஞ்ச நேரம் கூட நடக்க ஓட விடாம இருக்குறது, பசில தவிக்கும்னு தெரிஞ்சே எங்கயோ கொண்டு போய் விட்டுட்டு வர்றது, எல்லாமே குற்றம்தான். கை ஓங்கணும்னு இல்ல. ரொம்ப குட்டையான, கனமான சங்கிலில மணிக்கணக்கா கட்டிப் போடுறதும் இதுல வருது, ஆனா மொட்டை மாடில வெயில்ல கட்டிக் கெடக்குற நாயை பாத்தா "காவலுக்குதானே"ன்னு தாண்டிப் போயிடுறோம், எனக்கு அதுதான் தாங்கவே முடியல.

அழகுக்காக வாலை, காதை வெட்டுறதும் வேண்டாம், உறுப்பை சிதைக்கிறதும் அதே பிரிவுல இருக்கு.

அப்புறம் "அம்பது ரூபா ஃபைன்தானே, கம்ப்ளைன்ட் குடுத்து என்ன ஆகப்போகுது"ன்னு விட்டுடுறது. அந்த சட்டத்துல முதல் தடவைக்கு 10-லருந்து 50 ரூபாதான், உண்மை, இத்தனை வருஷமாகியும் மாத்தாம இருக்குறது அநியாயம். ஆனா விஷம் வச்சாலோ, கொன்னாலோ, ஊனமாக்கினாலோ ஐபிசிக்கு (இந்திய தண்டனைச் சட்டம்) பதிலா வந்த புது குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325 வரும், 5 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். பழைய ஐபிசில விலங்கோட மதிப்பு 10 ரூபாவா 50 ரூபாவான்னு பாத்து தண்டனை மாறும், 2024 ஜூலை 1-லருந்து அந்த கணக்கு கிடையாது, காசு குடுத்து வாங்குன நாயும் தெருவுலருந்து தூக்கிட்டு வந்து வளத்த பூனையும் ஒண்ணுதான்.

பெரிய தப்பு லேட் பண்றது. மிருகவதை சட்டத்துல கேஸ் போடணும்னா சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள போடணும், பிரிவு 36 அப்படித்தான் சொல்லுது, வீடியோவ ஷேர் பண்ணிட்டு யாராவது பாத்துப்பாங்கன்னு உக்காந்துட்டா நாள் ஓடிடும். விஷம்னு சந்தேகம் இருந்தா அழுதுகிட்டே உடனே புதைச்சிடாதீங்க, புரியுது கஷ்டம்தான், ஆனா போஸ்ட்மார்ட்டம் இல்லாம விஷத்தை நிரூபிக்கிறது ரொம்ப கஷ்டம். கால்நடை டாக்டர்கிட்ட எழுத்துல ரிப்போர்ட் வாங்குங்க, தேதி நேரத்தோட போட்டோ எடுங்க, ஒரிஜினல் வீடியோவ டெலீட் பண்ணாம வச்சுக்கிட்டு ஸ்டேஷனுக்கு போங்க, வாயால சொல்லிட்டு வராம எழுதிக் குடுத்து ரசீது கேட்டு வாங்குங்க.