அப்பாவின் ரிப்போர்ட் நோட்டு: கிட்னி நோயில் இதயக் கணக்கை எழுதி வைக்கும் முறை

அப்பாவுக்கு நாள்பட்ட கிட்னி நோய், மூன்றாம் நிலை. ஒரு ராத்திரி நெஞ்சை அடைக்கிறது என்றார். அவசரப் பிரிவில் ட்ரோபோனின் டி (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) எடுத்தார்கள்: 38. பக்கத்திலேயே '14-க்குள் இருக்க வேண்டும்' என்று அச்சிட்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "பழைய ட்ரோபோனின் ரிப்போர்ட் இருக்கா?" இல்லை. மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள்: 39. ஈசிஜியிலும் மாற்றமில்லை. மாரடைப்பில் இது மளமளவென்று ஏறும் அல்லது இறங்கும். இவருக்கு எப்போதுமே இப்படித்தான் போலிருக்கிறது என்றார் டாக்டர்.

மறுநாளே ஒரு நோட்டு போட்டேன்.

முதலில், உடம்பு நன்றாக இருக்கும் நாளில் ட்ரோபோனினும் என்டி-ப்ரோபிஎன்பியும் (இதயத்துக்குச் சுமை கூடும்போது ரத்தத்தில் ஏறும் பொருள்) ஒருமுறை எடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதுதான் உங்கள் அடிக்கணக்கு. ட்ரோபோனினில் டி, ஐ என்று இரண்டு வகை உண்டு; எது என்று எழுதுங்கள், லேப் பெயரோடு. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. ஏறாமல் நிற்கும் 38-ம் நல்ல சேதியில்லை. இதயம் நெடுநாளாகச் சிரமப்படுவதைக் காட்டலாம்.

என்டி-ப்ரோபிஎன்பிக்குப் பக்கத்தில் அன்றைய எடையையும் கால்வீக்கத்தையும் கட்டாயம் குறியுங்கள். கிட்னி மந்தமானாலும் அது ஏறும், உடம்பில் நீர் சேர்ந்தாலும் ஏறும். எண்ணை மட்டும் பார்த்தால் எதனால் என்று பிடிபடாது.

சிஆர்பியை (உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும் ரத்த அளவு) காய்ச்சல் நாளில் எடுத்துவிட்டு இதயத்துக்கு முடிச்சுப் போடாதீர்கள். அப்பாவுக்குப் பல் வீங்கியிருந்தபோது 22. வீக்கம் வற்றியதும் 3.

ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தால் சாப்பாட்டைக் கூட்டினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். அழற்சியாலும் குறையும், சிறுநீரில் ஒழுகியும் குறையும். கேட்காமல் புரதத்தைக் கூட்டினால் கிட்னிக்குத்தான் சுமை.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்ததோடு கிளம்பிவிடாதீர்கள், சிறுநீரும் கொடுங்கள். சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் (புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்ற கணக்கு) 30 mg/g-ஐத் தாண்டினாலே, ஈஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் திறனின் அளவு) நன்றாக இருந்தாலும், இதய ஆபத்து கூடும். பலர் விட்டுவிடுவது இந்தப் பரிசோதனையைத்தான்.

நெஞ்சு வலித்தால் நோட்டைப் புரட்டிக்கொண்டு உட்காராதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், நோட்டு கூட வரட்டும்.

போன முறை என்டி-ப்ரோபிஎன்பி 900-லிருந்து 1,900 ஆகியிருந்தது. ஈஜிஎஃப்ஆர் அசையவில்லை, எடை மட்டும் இரண்டு கிலோ கூடியிருந்தது. டாக்டர் அந்த வரியில் விரலை வைத்தார், அப்பாவின் கணுக்காலை அழுத்திப் பார்த்தார், நீர் மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார்.