காகிதப் பாலம் விழுந்ததும் வகுப்பை முடித்துவிடாதீர்கள்

ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொறியியலும் வடிவமைப்பும் சொல்லித்தரும்போது ஆசிரியர்கள் அதிகம் செய்யும் தவறு, செய்து முடித்த மாதிரி ஒன்றை முதலிலேயே மேசைமேல் வைத்துவிடுவது. நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். நாற்பது பேரும் அதைப் பார்த்து அதையேதான் செய்வார்கள். கை வேலை செய்யும், யோசனை நடக்காது.

மாதிரிக்குப் பதில் ஒரு தேவையையும் சில கட்டுப்பாடுகளையும் கொடுங்கள். இரண்டு புத்தக அடுக்குகள், நடுவே 20 செ.மீ. இடைவெளி. அதைக் கடக்க ஒரு பாலம் வேண்டும்; கையில் ஒரே ஒரு ஏ4 தாள், கொஞ்சம் பசை. நடுவில் எத்தனை ஐந்து ரூபாய் நாணயம் தாங்கும்? தாளை அப்படியே வைத்தால் ஒன்றிரண்டு நாணயத்திலேயே தொய்ந்து விழும். கொஞ்ச நேரத்தில் யாராவது விசிறி மாதிரி மடித்துப் பார்ப்பார்கள், தாள் சட்டென்று விறைத்து நிற்கும். தாள் அதே 5 கிராம்தான். மடிப்புக்குக் கிடைத்த உயரம்தான் வளையவிடாமல் தடுக்கிறது. தகரக் கூரையில் ஏன் நெளிவு இருக்கிறது என்று அந்த நேரத்தில் கேளுங்கள், வகுப்பே பதில் சொல்லும்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. பாலம் விழுந்ததும் "சரி, அடுத்த குழு வாங்க" என்று நகர்ந்துவிடுகிறோம். ஒருமுறை அப்படிச் சொல்ல வாயெடுத்தபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "கிழியல சார், மடிப்பு விரிஞ்சுடுச்சு" என்றாள். குனிந்து பார்த்தேன். உண்மைதான். பாரம் ஏற ஏற மடிப்புகள் பக்கவாட்டில் அகன்று தட்டையாகியிருந்தன. அவள் குழு தாளின் ஓரத்திலிருந்து ஒரு பட்டையை வெட்டி, மடிப்புகளுக்குக் குறுக்கே அடியில் ஒட்டியது. இரண்டாம் பாலம் முதல் பாலத்தைவிட நன்றாகத் தாங்கியது. அவள் பேசியிராவிட்டால், "காகிதம் பலவீனமானது" என்ற தப்பான முடிவோடு அந்தக் குழு வீட்டுக்குப் போயிருக்கும்.

அதனால் ஒரு பீரியடில் முடிக்கப் பார்க்காதீர்கள். அடுத்தடுத்து இரண்டு பீரியட் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் முயற்சியில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். மடிப்பையும் பசையையும் சேர்த்து மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அப்பா செய்வார், இல்லையென்றால் ஸ்டேஷனரி கடை செய்யும். குழுவில் பெண் பிள்ளைகளிடம் நோட்டும் ஸ்கெட்ச் பேனாவும், பையன்களிடம் கத்தரிக்கோல் என்று தானாகப் பிரிந்துவிடும். அதைக் கண்டும் காணாமல் விடாதீர்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிவிடுங்கள்.

கருவிப் பெட்டி வரட்டும் என்று காத்திருப்பதும் வேண்டாம். பள்ளிகளில் பிள்ளைகள் செய்துபார்க்க ஆய்வகம் அமைக்க மத்திய அரசு 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தந்திருக்கிறது, நல்ல விஷயம். கிடைக்காத பள்ளியிலும் பழைய செய்தித்தாளும் தென்னங்குச்சியும் நூலும் இருக்கின்றனவே.

மதிப்பெண்ணை அழகுக்குக் கொடுத்தால் ஜிகினாதான் வரும். நான் பத்தில் நான்கை, முதல் பாலம் எங்கே, எப்படித் தளர்ந்தது என்று காட்டும் பென்சில் படத்துக்குக் கொடுக்கிறேன். நான்கு, அதைப் பார்த்துச் செய்த மாற்றத்துக்கு. எத்தனை நாணயம் தாங்கியது என்பதற்கு இரண்டு போதும்.