ஊரில் வாந்தி பேதி பரவினால் யார் என்ன செய்வது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாள் பயிற்சி நடத்தும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரத்தில் ஏதாவது ஒரு சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறீர்கள். "உங்கள் ஆட்களுக்கு நோய்ப் பரவல் பயிற்சி கொடுங்கள்" என்று மேலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. இதற்கு முன் நடத்தியதில்லை. அப்படிப்பட்ட மருத்துவ அலுவலருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும்தான் இந்தக் குறிப்பு.

எடுத்துக்காட்டாக வாந்தி பேதியை எடுத்துக்கொள்கிறேன். நிலத்தடி நீர் உப்பு என்பதால் காவிரி கூட்டுக் குடிநீரையும் லாரித் தண்ணீரையும் நம்பி இருக்கும் ஊர்கள் நம்முடையவை. குழாயில் தண்ணீர் நின்று அழுத்தம் போனதும், உடைப்பு இருக்கும் இடத்தில் வெளியே தேங்கிய சாக்கடை உள்ளே இறங்கும். மழைக்காலத்தில் இது இன்னும் சுலபம். அதனால் பயிற்சியைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்த பிறகு யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள்.

படி 1: ஆட்களும் இடமும்

மாவட்டத் தலைநகரில் ஏசி ஹால் வேண்டாம். நோயாளி வந்து படுக்கப் போகும் அதே கட்டிடத்தில் நடத்துங்கள். 25 பேருக்கு மேல் கூட்டினால் கைவேலை நடக்காது, பேச்சுதான் நடக்கும்.

கிராம சுகாதாரச் செவிலியர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர், அங்கன்வாடி ஊழியர் என்று பட்டியல் தானாக வரும். அதில் வராத இரண்டு பேரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். ஒருவர் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். இன்னொருவர் ஊர் மெடிக்கல் ஷாப்காரர். வயிறு சரியில்லை என்றால் கடலுக்குப் போகிறவர் முதலில் மாத்திரை வாங்கப் போவது அவரிடம்தான். ஒரே நாளில் பத்துப் பேர் வயிற்றுப்போக்கு மாத்திரை கேட்டார்கள் என்ற செய்தி, நம் பதிவேட்டை விட ஒரு நாள் முந்திக் கிடைக்கும்.

படி 2: எப்போது மணி அடிப்பது

ஸ்லைடு போடாமல் ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். "பாம்பனில் ஒரே தெருவில் இரண்டு நாளில் 7 பேருக்கு வயிற்றுப்போக்கு. இப்போது யாருக்குப் போன் போடுவீர்கள்?" ஆளாளுக்கு ஒரு பதில் வரும். அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒழுங்குபடுத்துங்கள்.

24 மணி நேரத்தில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட முறை தண்ணீராகப் போனால் அது கணக்கில் வரும். 2 வயதோ அதற்கு மேலோ உள்ள ஒருவர் தண்ணீராகப் போய்க் கடுமையான நீரிழப்போடு வந்தால் காலராவைச் சந்தேகிக்க வேண்டும். பரவல் உறுதியான பிறகு, தண்ணீராகப் போகும் எவரும் சந்தேக நோயாளிதான்.

தகவல் போகும் வழி ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம். 2004இல் தொடங்கியது. களப்பணியாளர் அறிகுறியை வைத்து எஸ் படிவம், மருத்துவர் பி படிவம், ஆய்வகம் எல் படிவம். இப்போது எல்லாம் இணையத்தில் பதிவாகிறது. ஆனால் பதிவு செய்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அன்றைக்கே வட்டார மருத்துவ அலுவலருக்குப் போனும் போட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

சோதனைக்கு மல மாதிரி எடுப்பதை ஆய்வக நுட்பநரே செய்து காட்டட்டும். ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன் எடுக்க வேண்டும். ஆய்வகம் போய்ச் சேரும்வரை கிருமி சாகாமல் வைத்திருக்கும் கேரி பிளேர் ஊடகத்தில் வைத்தால் ஐஸ் பெட்டி தேவையில்லை. குடிநீர் மாதிரிக்குத்தான் ஐஸ் பெட்டி. இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள் நிறைய.

படி 3: பட்டியலும் வரைபடமும்

நோயாளிப் பட்டியலில் பெயர், வயது, தெரு, தொடங்கிய நாளும் நேரமும், எந்தத் தண்ணீர், எங்கே சாப்பிட்டார் என்ற கட்டங்கள் இருக்கட்டும். 20 துண்டுச் சீட்டில் கற்பனை நோயாளிகளை எழுதிக் கலைத்துக் கொடுங்கள். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து சார்ட் தாளில் ஊரை வரைந்து புள்ளி வைக்கட்டும். 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ ஒரு தெருக்குழாயைச் சுற்றி மரணங்கள் குவிந்திருப்பதைக் காட்டியதும் இப்படித்தான். சீட்டு எழுதும்போது ஒரு தண்ணீர் லாரியைக் காரணமாக ஒளித்து வையுங்கள். கண்டுபிடிக்கிறார்களா பார்க்கலாம்.

இங்கே நம் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வீடு வீடாகப் போகும்போது பூட்டிக் கிடக்கும் வீடுகள். கடல்பாசி எடுக்கப் போன பெண்கள் விடியலிலேயே கிளம்பியிருப்பார்கள். படகில் போனவருக்கு நடுக்கடலில் பேதி ஆகி, கேனில் கொண்டுபோன தண்ணீரைத்தான் மற்றவர்களும் குடித்திருப்பார்கள். பகல் 11 மணிக்குக் கணக்கெடுத்தால் இவர்கள் யாரும் பட்டியலில் வர மாட்டார்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கித்தான் போகின்றன. யார் கடலில் இருக்கிறார்கள் என்று அங்கே கேட்டால் தெரியும். கரை திரும்பும் நேரத்துக்கு ஒருவரை இறங்குதளத்தில் நிறுத்துங்கள்.

யாத்திரிகர் விஷயம் வேறு மாதிரி. காலரா கிருமி உள்ளே போன சில மணி நேரத்திலிருந்து 5 நாளுக்குள் நோய் தெரியும். ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் குளித்தவர் தன் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் படுப்பார். அதனால் வேறு மாவட்டத்திலிருந்து வரும் போனை அலட்சியப்படுத்தக் கூடாது.

"அந்தத் தெருவை அடைத்துவிடலாமா?" என்று ஒருவராவது கேட்பார். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்த நினைப்பு இன்னும் போகவில்லை போலிருக்கிறது. பேதிக்கு ஆட்களை அடைத்து வைப்பதால் பலன் இல்லை. பயந்து நோயை மறைப்பார்கள், அவ்வளவுதான்.

படி 4: நீரிழப்புக்குச் சிகிச்சை

நாளில் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். உயிர் போவது கிருமியால் நேராக அல்ல, உடம்பிலிருந்து நீரும் உப்பும் இறங்கிவிடுவதால்.

முதலில் பார்த்துச் சொல்லப் பழக்குங்கள். கண் குழிந்திருக்கிறதா, தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் படிகிறதா, தண்ணீரைக் கண்டதும் ஆவலாகக் குடிக்கிறாரா, அல்லது குடிக்கவே தெம்பில்லாமல் துவண்டு கிடக்கிறாரா. கடைசி வகைக்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அப்புறம் எல்லோர் கையிலும் ஒரு ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் பொடி) பாக்கெட்டும் 1 லிட்டர் பாட்டிலும் கொடுங்கள். முழுப் பாக்கெட், 1 லிட்டர், 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். கலக்கியதை அவர்களே குடித்துப் பார்க்கட்டும். கண்ணீரை விட உப்புக் கரித்தால் தண்ணீர் அளவு தப்பு.

ஓரளவு நீரிழப்பு என்றால் இந்தக் கரைசல் எடைக்குக் கிலோவுக்கு 75 மில்லி, 4 மணி நேரத்தில். 20 கிலோ குழந்தைக்கு ஒன்றரை லிட்டர். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், 14 நாள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

கடுமையான நீரிழப்புக்கு ஊசிவழி ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவம், கிலோவுக்கு 100 மில்லி. 1 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதில் கிலோவுக்கு முதல் 30 மில்லி அரை மணி நேரத்தில், மீதி 70 மில்லி இரண்டரை மணி நேரத்தில். கைக்குழந்தைக்கு அதே அளவு, ஆனால் முதல் பகுதி 1 மணி நேரத்தில், மீதி 5 மணி நேரத்தில். 50 கிலோ மீனவர் ஒருவருக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள்: 5 லிட்டர், அதாவது 500 மில்லி பாட்டில் பத்து. மருந்தாளுநரை அப்போதே ஸ்டோருக்கு அனுப்பி எத்தனை பாட்டில் இருக்கிறது என்று எண்ணிவரச் சொல்லுங்கள். அறை கொஞ்சம் அமைதியாகும். வெறும் குளுக்கோஸ் பாட்டில் இதற்கு மாற்று அல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். முதியவர், இதய நோயாளி, சத்துக்குறைவான குழந்தை ஆகியோருக்கு வேகத்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தன்னார்வலர்கள் "நாங்கள் என்ன செய்துவிட முடியும்?" என்று தயங்கினால் 1971ஐச் சொல்லுங்கள். வங்கதேசப் போரின்போது அகதிகள் முகாமில் காலரா பரவி ஊசிவழித் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைப் பெரிய டிரம்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே கொடுக்க வைத்தார். ஏராளமானோர் பிழைத்தார்கள். அவர் மறைவுக்குப் பின், 2023இல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

படி 5: தண்ணீர்த் தொட்டி

எல்லோரையும் மேல்நிலைத் தொட்டிக்குக் கூட்டிப் போங்கள். இந்த வகுப்பை எடுக்க வேண்டியவர் டேங்க் ஆபரேட்டர். 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணியாவது கழித்துத்தான் திறக்க வேண்டும். கடைசித் தெருக் குழாயில் குளோரோஸ்கோப்பில் (குளோரின் அளவு காட்டும் கருவி) பார்க்கும்போது, பரவல் காலத்தில் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) குளோரின் மீதி இருக்க வேண்டும். தொட்டி அடியில் எடுத்து "சரியாக இருக்கிறது" என்று எழுதுவது ஏமாற்று. லாரித் தண்ணீரையும் சோதியுங்கள்.

நம் உப்புக் காற்றில் திறந்து வைத்த பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும். வாசனை போன மூட்டையைப் போட்டுப் பயன் இல்லை. தெருவோரம் வெள்ளைக் கோடு இழுப்பது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால் அந்தப் பவுடர் அத்தனையும் தொட்டிக்குள் போக வேண்டியது.

வார்டுக்கு: தரை துடைக்க 0.5 சதவீதக் கரைசல், 30 சதவீதப் பவுடர் என்றால் லிட்டருக்கு 16 கிராம். கையுறை, ஏப்ரன், சோப்பு போதும். என்95 முகக்கவசம் பேதிக்குத் தேவையில்லை. மனிதர்கள் மேல் குளோரின் தெளிக்கவே கூடாது.

படி 6: ஒத்திகை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் அசந்திருக்கும் நேரத்தில், யாருக்கும் சொல்லாமல் ஒரு போன் வரட்டும். நோயாளியாக நடிக்க இரண்டு பேரைத் தயார் செய்துவையுங்கள். போன் வந்ததிலிருந்து முதல் டம்ளர் ஓ.ஆர்.எஸ். வாய்க்குப் போகும்வரை எத்தனை நிமிடம் என்று ஒருவர் குறிக்கட்டும். இன்னொரு குழு ஊர்த் தலைவர், ஜமாத், பங்குத் தந்தை ஆகியோரிடம் எப்படிப் பேசுவது என்று நடித்துக் காட்டட்டும். ஒலிபெருக்கி ஆட்டோவில் சொல்லப் போகும் வாக்கியங்களை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே தடங்கியது என்பதைச் சுவரில் எழுதி, பக்கத்தில் பொறுப்பாளர் பெயரும் தேதியும் போடுங்கள். ஓ.ஆர்.எஸ். இருப்பு, 108 வரும் வழி, லாரி உரிமையாளர்களின் எண்கள், தொட்டியின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பது வரை. தை அமாவாசைக்கு முன் ஒரு மதியம் ஒதுக்கி, ஒத்திகையை மட்டும் திரும்ப நடத்துங்கள். வகுப்பு மறுபடி வேண்டாம்.