ஓர்வியெத்தோவுக்கு ஒருநாள் மாணவர் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமில் படிக்கும் மாணவர்கள் ஒருநாள் வெளியூர் போய்வர இடம் கேட்டால், நான் முதலில் சொல்வது இத்தாலியின் ஓர்வியெத்தோ ஊரைத்தான். எரிமலைச் சாம்பல் இறுகி உருவான பாறை மேடு, அதன் உச்சியில் ஒரு முழு ஊர். ரயிலில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அடிவாரத்தில் இறங்கிவிடலாம். ஆனால் போய்வருகிறவர்களில் பலர் பேராலயத்தின் முன் போட்டோ எடுத்து, ஜெலாட்டோ ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஆற்றாமையாக இருக்கும். இந்த ஊரின் பாதிக் கதை பாறைக்கு உள்ளே இருக்கிறது.

முதல் தவறு ரயில் நிலையத்திலேயே நடக்கும். பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் உள்ள சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்கியதுதானே என்று அப்படியே ஏறி உட்கார்ந்தால் பரிசோதகர் அபராதம் போடலாம். பத்து பேர் சேர்ந்து போகும்போது ஒருவராவது இதை மறந்துவிடுவார். போகும்போதே, திரும்பும் ரயில் நேரத்தையும் அதற்கடுத்த ரயில் நேரத்தையும் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் மேலே பார்த்துவிட்டு, நடந்தே ஏறிவிடலாம் என்று கிளம்புவது இரண்டாவது தவறு. பாதை உண்டு, ஏறவும் முடியும். ஆனால் கால்வலு முழுக்க அங்கேயே தீர்ந்துவிடும். நிலையத்துக்கு எதிரிலேயே இழுவை ரயில் இருக்கிறது. பழனி விஞ்ச்சில் ஏறியவர்களுக்குச் சட்டென்று புரியும். 1888இல் தொடங்கியபோது தண்ணீரின் எடையால் ஓடியது. 1970இல் நின்றுபோய், 1990இல் மின்சாரத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது. சில நிமிடங்களில் மேலே விட்டுவிடும்.

மேலே வந்ததும் எல்லோரும் நேராகப் பேராலயத்துக்கு ஓடுவார்கள். கிணற்றைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். ரயில் நிறுத்தத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் வருவது புனித பாட்ரிசியோ கிணறு. அதைக் கடைசிக்கு வைத்தால், கால் ஓய்ந்த பிறகு 248 படி இறங்கி 248 படி ஏற வேண்டியிருக்கும். அல்லது நேரமாகிவிட்டது, விட்டுவிடலாம் என்று முடியும். காலையில் முதல் வேலையாக இதைப் பாருங்கள்.

1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமைச் சூறையாடின. போப் ஏழாம் கிளமென்ட் தப்பி இங்கே வந்து சேர்ந்தார். இந்தப் பாறைமேல் எதிரி எளிதில் ஏற முடியாது. ஆனால் முற்றுகை போட்டால் குடிக்கத் தண்ணீர்? அந்தக் கவலையில் வெட்டியதுதான் இந்தக் கிணறு. வடிவமைத்தவர் அந்தோனியோ த சங்கால்லோ (இளையவர்) என்ற கட்டடக் கலைஞர். வேலை 1537இல் முடிந்தது. அதற்குள் போப் இறந்துவிட்டிருந்தார். ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். அதைச் சுற்றி ஒன்றையொன்று தொடாமல் சுழலும் இரண்டு படிக்கட்டுகள். வெறும் குடத்தோடு இறங்கும் கோவேறு கழுதை, நீர் சுமந்து ஏறும் கழுதையோடு முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. படிகள் அகலமாகவும் தாழ்வாகவும் இருப்பதும் கழுதைகளுக்காகவே. நடுக்குழியைப் பார்த்து சுமார் 70 ஜன்னல்கள். உங்களில் பாதிப் பேர் முன்னாலேயே போங்கள். அவர்கள் ஏறும்போது எதிர் ஜன்னலில் கையசைப்பது தெரியும், குரல் கேட்கும், ஆனால் படியில் ஒருவரையும் எதிரில் சந்திக்க மாட்டீர்கள். அடியில் ஒரு சின்னப் பாலம் இரண்டு படிக்கட்டையும் இணைக்கிறது. கோடையிலும் உள்ளே ஈரமும் குளிருமாக இருக்கும், மேல்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

அப்புறம் கோர்சோ காவூர் தெரு வழியே பேராலயத்துக்கு நடங்கள். கல் பாவிய தெருக்கள், மழை பெய்தால் வழுக்கும். அடி தேய்ந்த செருப்பு வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம், அப்போது சுற்றிப்பார்க்கப் போகாதீர்கள்.

பேராலயத்தின் முகப்பில் மின்னும் பொன்னைப் பார்த்துக்கொண்டே கீழ்ப்பகுதியை விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. முகப்பை உருவாக்கிய கட்டடக் கலைஞர் லொரென்ஸோ மைத்தானி காலத்துப் புடைப்புச் சிற்பங்கள் கண்மட்டத்திலிருந்தே தொடங்குகின்றன: இடக்கோடியில் உலகப் படைப்பு, வலக்கோடியில் இறுதித் தீர்ப்பு. உள்ளே சான் பிரீட்சியோ சிற்றாலயத்தில் லூக்கா சிஞ்ஞோரெல்லியின் சுவரோவியங்கள். அவர் 1499இல் ஆரம்பித்து 1504இல் முடித்தார். போலிக் கிறிஸ்து (உலக முடிவில் கிறிஸ்துவின் வேடத்தில் வருவான் என்று நம்பப்படும் எதிரி) பிரசங்கம் செய்யும் காட்சியில் கொஞ்சம் நில்லுங்கள். பின்னாலிருந்து சாத்தான் அவன் காதில் ஓதுகிறான். போலிக் கிறிஸ்துவின் இடது கை அவனுடையதேதானா, ஆடைக்குள் நுழைந்த சாத்தானுடையதா என்று சட்டென்று சொல்ல முடியாது. அதே ஓவியத்தின் இடது ஓரத்தில் கறுப்பு உடையில் நிற்கும் இருவரில் ஒருவர் சிஞ்ஞோரெல்லியே. மற்றவர் இந்தச் சிற்றாலயத்தின் வேலையை 1447இல் தொடங்கிய துறவி ஓவியர் ஃப்ரா ஆஞ்செலிகோ. ஐந்து நிமிடத்தில் சுற்றி வெளியேறினால் இதெல்லாம் கண்ணில் படாது.

நிலத்தடிக் குகைகளுக்கு முன்பதிவு இல்லாமல் போவது கடைசித் தவறு. வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில்தான் இறங்க முடியும். கூட்டமாகப் போகிறவர்கள் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். ரோமானியருக்கு முன் இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் காலம் தொட்டு மக்கள் பாறையைக் குடைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். ஒரு குகையின் சுவர் முழுக்கச் சதுர மாடங்கள், வரிசை வரிசையாக. எல்லாம் புறா வளர்த்த கூண்டுகள். கறிக்காக வளர்த்தார்கள். பாறைமுகத்தில் வெட்டிய ஜன்னல் வழியே புறாக்கள் பள்ளத்தாக்குக்குப் பறந்து, தாமே இரை தேடிக்கொண்டு கூட்டுக்குத் திரும்பிவிடும்.