எட்டாவது முடித்த பிள்ளையைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறீர்களா?

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஒன்பதும் பத்தும் என் வகுப்புகள். சுற்றுப்பட்டு ஏழு ஊருக்கும் எங்களுடையதுதான் பெரிய பள்ளிக்கூடம். அந்த ஊர்களில் இருப்பவை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகள், எட்டாவதோடு முடிந்துவிடும். ஜூன் பிறந்தால், மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்ற பேச்சோடு, டி.சி.யைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு பெற்றோர் வராந்தாவில் வந்து நிற்பார்கள். "பத்தாவதுல பாஸ் பண்ணிடுவானா டீச்சர்?" என்பதுதான் முதல் கேள்வி. "பத்தாவதை விடுங்கம்மா, ஒன்பதாவதைப் பாருங்க" என்பது என் வழக்கமான பதில்.

எட்டு வரை யாரையும் ஃபெயில் போடுவதில்லை. பத்தாவதில் பொதுத்தேர்வு என்பதால் வீடு, உறவு, டீக்கடை எல்லாம் விசாரிக்கும். நடுவில் இருக்கிற ஒன்பதாவதை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. புதுப் பள்ளி, புது பஸ், புதுச் சிநேகிதம், திடீரென்று கனத்துப்போகிற பாடம் என்று எல்லாமே அந்த ஒரே வருஷத்தில் வந்து சேர்கின்றன. பிள்ளை நழுவுவது இங்கேதான். அதனால் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு வருஷத்துக்கானது.

சேர்க்கைக்கு வரும் முன்

காகித டி.சி. மட்டும் போதாது. பழைய பள்ளித் தலைமையாசிரியர், கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் என்கிற இணையதளத்தில் உங்கள் பிள்ளையைக் 'காமன் பூல்' என்கிற பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிட வேண்டும். அங்கே வந்தால்தான் நாங்கள் எங்கள் பள்ளிக்கு எடுத்துக்கொள்ள முடியும். இல்லாவிட்டால் டி.சி. எங்கள் மேஜையில் இருக்கும், எமிஸில் பிள்ளை இன்னும் பழைய பள்ளியிலேயே உட்கார்ந்திருப்பான். புத்தகமும் சீருடையும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வரும். டி.சி. வாங்கும்போதே "காமன் பூல்ல விட்டாச்சா சார்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றில் கார்த்திகேயன், ஆதாரில் கார்த்திக், பள்ளிப் பதிவேட்டில் கார்த்திகேயன் என்பதே வேறு ஆங்கில எழுத்துகளில். மூன்றையும் தரையில் பரப்பி வைத்து ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டியதை மே மாதத்திலேயே திருத்துங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் அப்படித்தான். ஜூனில் இ-சேவை மையத்துக்குப் போனால் கூட்டத்தில் ஒரு நாள் கூலி போகும். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் அதையும் இப்போதே ஆரம்பித்து ஆதாரோடு இணைத்துவிடுங்கள். உதவித்தொகை எல்லாம் அதில்தான் வரும்.

சான்றிதழ்களை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள் என்பது இந்தப் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தபோது கூரையோடு சான்றிதழ்களையும் பறிகொடுத்த வீடுகள் ஏராளம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா

நடுநிலைப் பள்ளியில் எட்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளையை, பெரிய பள்ளிக்கூடம் வந்ததும் ஆங்கில வழிப் பிரிவில் போடச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேனில் போகிற கோபம் அதில் பாதி. என்னைக் கேட்டால் ஒன்பதாவதில் மாற்றாதீர்கள் என்பேன். பாடம் கனக்கிற அதே வருஷத்தில் மொழியையும் மாற்றினால், கணக்கு புரியவில்லையா, கேள்வியே புரியவில்லையா என்று எனக்கே கண்டுபிடிக்க முடிவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010-ல் வந்த சட்டம் அது. 2020-ல் திருத்திய பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வருஷம் ஆங்கில வழிக்குப் போனாலும் அது போய்விடும். குரூப் 4 எழுத வைக்க ஆசைப்படுகிற அப்பாக்களே அதிகம் இருக்கிற ஊர் இது. அவர்களே வந்து மாற்றச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வரும்.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி

டவுனில் பேர் பெற்ற பழைய பள்ளிகளில் சில, அரசு உதவி பெறுபவை. நல்ல பள்ளிகள்தான். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவை சேராது. மருத்துவத்துக்கு 2020-ல் வந்த அந்த ஒதுக்கீடு, மறுவருஷமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரி, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் என்று எல்லாம் நமக்கு பஸ் தூரம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்த ஆறு, ஏழு, எட்டும் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும், பயப்படாதீர்கள். பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாள் தனியார் பள்ளிக்காரர்கள் வீடு தேடி வந்து "ஃபீஸ் குறைச்சுக்கிறோம்" என்பார்கள். குறைக்கிற ஃபீஸையும் இழக்கிற ஒதுக்கீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

கல்லூரிக்குப் போனபின் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் வேறு. அவற்றில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உதவித்தொகைத் தேர்வுகள்

என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வை எட்டாவதிலேயே எழுத வேண்டும். ஒன்பதுக்கு வந்தபின் கேட்டுப் பயனில்லை. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். வாங்கிய பிள்ளைகள் பலர் அடுத்த வருஷம் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். வருஷா வருஷம் தேசிய உதவித்தொகைத் தளத்தில் புதுப்பித்தாக வேண்டும். வகுப்பாசிரியரை நச்சரியுங்கள், தப்பில்லை. ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே வைப்பது, மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். பணம் சொற்பம்தான். ஆனாலும் எழுதச் சொல்வேன். பொதுத்தேர்வுக்கு முன்னால் வேறு பள்ளியில் போய், தெரியாத ஹாலில் உட்கார்ந்து ஒரு தேர்வு எழுதிய பழக்கம் வரும்.

கணக்கு

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், என் பாடம்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நான் நான்கு கணக்கு கொடுப்பேன். நீங்களும் வீட்டில் கொடுத்துப் பாருங்கள். மைனஸ் ஏழோடு மூன்றைக் கூட்டினால் என்ன? முக்காலும் அரையும் சேர்ந்தால் என்ன? 204-ஐப் பன்னிரண்டால் வகு. 2x + 5 = 17 என்றால் x எவ்வளவு? முதல் கேள்விக்கு மைனஸ் பத்து என்றோ, இரண்டாவதுக்கு ஆறில் நான்கு என்றோ பதில் வந்தால் திட்டாதீர்கள். குறியும் பின்னமும் ஆறாவது, ஏழாவதில் நழுவியிருக்கின்றன என்று அர்த்தம். எட்டு வரை அதைத் தாண்டி வந்துவிடலாம். ஒன்பதாவதில் மெய்யெண்களும் இயற்கணிதமும் வரும்போது தாண்ட முடியாது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தினம் அரைமணி நேரம் குறியும் பின்னமும் மட்டும் போடச் சொல்லுங்கள். அதற்கு டியூஷன் வேண்டாம். பழைய ஏழாம் வகுப்புப் புத்தகம் இருந்தால் போதும். அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பிறகு வடிவியல் வரைதல். பத்தாவது பொதுத்தேர்வு வினாத்தாளில் எட்டு மதிப்பெண் கேள்வி இரண்டு, ஒன்று ஜியோமெட்ரி, ஒன்று கிராஃப். மொத்தம் 16. பாஸுக்கு 35. மனப்பாடம் வராத பிள்ளைக்குக்கூட இந்தப் பதினாறு கைப்பழக்கத்தில் வரும். ஆனால் அந்தக் கைப்பழக்கம் ஒன்பதாவதில் முக்கோணத்தின் சுற்றுவட்ட மையமும் செங்கோட்டு மையமும் வரையும்போதே வந்திருக்க வேண்டும். அங்கே காம்பஸ் பிடிக்கத் தெரியாதவன் பத்தாவதில் தொடுகோடு வரையும்போதும் தடுமாறுவான்.

பிள்ளையின் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸை எடுத்துப் பாருங்கள். திருகு லூசாக இருக்கும். முழுப் பென்சிலைச் சொருகியிருப்பான். அது கனத்தில் சாய்ந்து, வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராது. பென்சிலைக் கட்டைவிரல் நீளத்துக்குக் குட்டையாக்கி, ஊசி முனையும் பென்சில் முனையும் சமமாக நிற்கும்படி பொருத்தி, திருகை இறுக்கிக் கொடுங்கள். காம்பஸின் தலையைப் பிடித்துச் சுற்றச் சொல்லுங்கள், காலைப் பிடித்து அல்ல. இதற்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை, பம்ப்செட் பார்க்கத் தெரிந்த எந்த அப்பாவும் செய்யலாம். உதவிப்படம் போடுவதை மட்டும் விடக் கூடாது. அதற்கும் மதிப்பெண் உண்டு.

மழையும் அறுப்பும்

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பாடம் நாள் கணக்கில் நிற்கும். கலெக்டர் விடுமுறை விட்டால் எல்லாருக்கும் லீவு, அதைச் சனிக்கிழமை வைத்து ஈடுகட்டிவிடுவோம். சிக்கல் விடுமுறை விடாத நாளில்தான். வடிகால் நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓடினால் டவுன் பஸ் உங்கள் ஊருக்குள் வராது. பள்ளி நடக்கும், உங்கள் பிள்ளை மட்டும் இருக்க மாட்டான். பள்ளி இருக்கும் ஊரிலேயே குடியிருக்கும் ஒரு வகுப்புத் தோழன் வீட்டோடு ஜூனிலேயே பழகி வையுங்கள். அன்றைய நோட்டைப் போனில் படமெடுத்து அனுப்ப ஓர் ஆள் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மறுநாள் வந்ததும் டீச்சரிடம் "நேத்து வரலை, எந்தக் கணக்கு?" என்று கேட்கப் பழக்குங்கள். புதுப் பள்ளியில் வாயைத் திறக்கக் கூச்சப்பட்டே ஒரு பாடத்தை முழுசாக விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரும்பாலும் அமைதியான பிள்ளைகள்.

தை, மாசியில் வேறு கதை. அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டதால் பிள்ளைகளை யாரும் வயலில் இறக்குவதில்லை. ஆனால் நெல் டி.பி.சி. (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) வாசலில் குவிந்து கிடக்கும். முறை வரும்வரை காவல் இருக்க வேண்டும். முதல் பீரியடில் ஒரு பையன் பெஞ்சில் தலை சாய்த்திருப்பான். கழுத்தெல்லாம் சுணை பட்டுச் சிவந்திருக்கும்.

"என்னடா தம்பி, ராத்திரி தூங்கலையா?"

"நெல்லு கிடக்கு டீச்சர். அப்பாவும் நானும் மாத்தி மாத்திப் படுத்துக்கிறோம்."

நான் என்ன சொல்ல முடியும்? அது அந்த வீட்டின் ஒரு வருஷச் சோறு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பையனை வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் சித்தப்பா, மாமா என்று பெரியவர்கள் முறை போட்டுக்கொள்ளுங்கள். முக்கோணவியலும் அளவியலும் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

பிளஸ் ஒன் குரூப்பைப் பற்றி இப்போதே விசாரியுங்கள்

ஒன்பதாவதில் சேர்க்கும்போது கேட்டால் சிரிப்பார்கள், கேளுங்கள். எங்கள் பள்ளியில் எந்தெந்தக் குரூப் இருக்கிறது, அதற்கு நிரந்தர முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா, பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாக வந்த தற்காலிக ஆசிரியரா என்று பாருங்கள். இதை அலுவலகத்தில் கேட்பதைவிடப் பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளையிடம் கேட்டால் உண்மை தெரியும். 2025-26 முதல் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு கிடையாது. பிள்ளைகளுக்கு நிம்மதி, சரி. ஆனால் ஒன்பதாவதுக்கு நேர்ந்த கதி பதினொன்றுக்கும் நேரும் என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது. பொதுத்தேர்வு இல்லாத வருஷத்தை வீட்டில்தான் கவனிக்க வேண்டும்.

பெயர்ப்பட்டியல்

பத்தாவது வந்ததும் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகும். மார்க் ஷீட்டில் அச்சாவது அதில் இருப்பதுதான். பெயர், இனிஷியல், அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி, எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். சரிபார்த்துக் கையெழுத்துப் போட உங்களைக் கூப்பிடுவோம். "நீங்க பாத்தா சரிதான் டீச்சர்" என்று சொல்லி யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு வகுப்பில் இத்தனை பிள்ளைகளின் எழுத்தை நான் பார்க்கிறேன், உங்களுக்கு ஒரு பிள்ளைதான். அச்சான பிறகு திருத்த வேண்டுமென்றால் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியிருக்கும். அன்றைக்கு வரும்போது ஆதாரும் பிறப்புச் சான்றும் கொண்டு வாருங்கள், மூக்குக் கண்ணாடியையும் மறக்காமல்.